துள்ளப்பன் வீட்டுப் புதுக் கதவு

ஒரு காட்டில், ஓடை வளைந்து திரும்பும் இடத்தில், துள்ளப்பன் என்றொரு முயல் மண்வீடு கட்டிக் குடியிருந்தான். மனைவி பெயர் பஞ்சவர்ணம். குட்டிகள் ஐந்து. துள்ளப்பன் நல்ல உழைப்பாளிதான். ஆனால் புதிதாக ஏதாவது வாங்கிவிட்டால், அதை நாலு பேருக்குக் காட்டாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷம் அவன் வாங்கியது ஒரு கதவு.

சும்மா கதவா அது? மரங்கொத்தி ஆசாரி மெனக்கெட்டுச் செய்த தேக்குக் கதவு. கனத்த தாழ்ப்பாள். தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு. காரணம் இருந்தது. சமையலறைக் குதிரில் கம்பும் கடலையும் கிழங்கும் நிறையச் சேர்த்து வைத்திருந்தார்கள். மழை பிடித்தால் ஓடை பெருகிவிடும், வெளியே போய் ஒரு புல்லைக்கூடக் கடித்துவர முடியாது. மழைக்காலம் முழுக்க ஐந்து குட்டிகளுக்கும் அந்தக் குதிர்தான் சோறு போட வேண்டும்.

கதவு மாட்டிய அன்றே துள்ளப்பன் அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டு, ஆளுக்கொரு கை சுண்டல் கொடுத்து, கதவைக் காட்டினான்.

"தட்டிப் பாருங்க, கூச்சப்படாம நல்லாத் தட்டிப் பாருங்க. யானை வந்து முட்டினாலும் அசையாது."

"யானை எதுக்கப்பா உன் வீட்டுக்கு வரப்போகுது?" என்று கேட்டார் முள்ளம்பன்றி மாமா. ஆனாலும் தட்டிப் பார்த்தார். அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் தட்டிப் பார்த்தார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நம் துள்ளப்பனுக்குத்தான் வாய் நிற்காதே.

"நாளைக்குக் காலையில குடும்பத்தோட கிளம்புறோம். மலைக்கு அந்தப் பக்கம் என் மச்சினிக்குக் கல்யாணம். திரும்பி வர நாலு நாள் ஆகும். வீட்டுல ஒரு ஈ காக்கா இருக்காது. இந்தக் கதவு இருக்கிற தைரியத்துலதான் போறோம்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.

சுண்டல் தின்ன வந்தவர்களில் குழியாண்டி என்ற பெருச்சாளியும் ஒருவன். காட்டில் எந்த வீட்டுக் குதிர் காலியானாலும் அவன் பெயர்தான் அடிபடும். ஆனால் அவன் திருடியதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. "அடடா, என்ன கதவு, என்ன கதவு" என்று அவன்தான் எல்லோரையும்விட அதிகமாகப் புகழ்ந்தான். புகழ்ந்துகொண்டே வீட்டின் பின்பக்கம் நழுவினான்.

வேலிக்கு அந்தப் பக்கம் கனகவல்லி குடியிருந்தாள். அவள் ஓர் ஆட்காட்டிக் குருவி. ஆட்காட்டி என்றால் தெரியும்தானே பிள்ளைகளே? புதிதாக யார் நடந்துவந்தாலும் ஊரைக் கூட்டிவிடும் குருவி. கனகவல்லியின் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் ஒரு நத்தைகூட அந்தப் பக்கம் ஊர்ந்து போக முடியாது.

"யாரது? அங்கே என்ன வேலை? யாரைக் கேட்டு அந்தப் பக்கம் போனீங்க?" என்று இப்போதும் அவள் கத்தினாள்.

விருந்தாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "சும்மா காத்து வாங்க வந்தேம்மா" என்று குழியாண்டி பாவமாகச் சொன்னான். துள்ளப்பனுக்கு மானமே போனது போலிருந்தது.

"என்னக்கா இது? வீட்டுக்கு வந்தவங்களை இப்படியா விரட்டுவீங்க? யார் வந்தாங்க, எங்கே போனாங்கன்னு எந்நேரமும் உங்களுக்கு இதே பேச்சு. எனக்குத்தான் கதவு வந்தாச்சே. இனிமே என் வீட்டு வாசலை நீங்க பார்க்கவே வேண்டாம்."

கனகவல்லியின் முகம் சுருங்கிவிட்டது. "சரி தம்பி. பார்க்கலை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பிறகு அவள் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் முயல் குடும்பம் கிளம்பியது. துள்ளப்பன் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தான். வழியெல்லாம் குட்டிகளுக்குக் கதவின் பெருமையைச் சொல்லிக்கொண்டே நடந்தான்.

பாதி வழியில் ஒரு புளியமரம். நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். பஞ்சவர்ணம் சாப்பிடாமல் ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, நேத்து கதவைப் பார்க்க வந்தவங்க எல்லாரும் தட்டிப் பார்த்தாங்கதானே?"

"பின்னே? மாமா ரெண்டு தடவை தட்டினாரு."

"குழியாண்டி தட்டலை. அவன் கதவுல கையே வைக்கலை. அப்புறம் நான் இன்னும் கொஞ்சம் சுண்டல் தாளிக்கச் சமையலறைக்குப் போனேன். பின்சுவர்ல டொக்கு டொக்குன்னு யாரோ தட்டுற சத்தம். எது கெட்டி, எது இளக்கம்னு பார்க்கிற மாதிரி. அப்பத்தான் கனகவல்லி அக்கா கத்தினாங்க."

துள்ளப்பன் கையிலிருந்த சோற்றைக் கீழே வைத்தான். கதவு தேக்கு. பூட்டு தேங்காய் அளவு. ஆனால் சுவர் வெறும் மண்தானே? பெருச்சாளிக்கு மண்சுவர் எம்மாத்திரம்? சத்தம் போடக்கூடிய ஒரே ஆளையும் இவனே வாயடைத்துவிட்டு வந்திருக்கிறான்.

"முகூர்த்தம் நாளைக்குக் காலையிலதான். நாங்க மெதுவா நடக்கிறோம், நீங்க ஓடிப் போயிட்டு வாங்க" என்றாள் பஞ்சவர்ணம். "முதல்ல அக்காகிட்ட மன்னிப்புக் கேளுங்க. அப்புறமா வீட்டைப் பாருங்க."

துள்ளப்பன் தலைதெறிக்க ஓடினான். குதிர் காலியாகிவிட்டால் மழைக்காலத்தில் குட்டிகள் பசியென்று அழுமே என்ற நினைப்புதான் அவனை விரட்டியது. வேலியோரம் பதுங்கிப் பதுங்கிப் போய்க் கனகவல்லியின் முன்னால் நின்றான். அவள் திரும்பவில்லை.

"அக்கா."

கனகவல்லி தன் இறகைக் கோதிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் பேசினது தப்பு. நாலு பேர் முன்னால உங்களை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு ரொம்ப வெட்கமா இருக்கு."

கனகவல்லி ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். "யாரது? கதவுக்காரரா? நான் உங்க வாசலைப் பார்க்கக் கூடாதே."

"பாருங்கக்கா. ராத்திரி பகலாப் பாருங்க."

கனகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தை அதிக நேரம் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாதவள் அவள். விஷயத்தைக் கேட்டதும் இறக்கையால் அவனை இழுத்துப் புதருக்குள் உட்கார வைத்தாள்.

"பூட்டு தொங்குறபடியே தொங்கட்டும். உள்ளே ஆள் இல்லைன்னு வெளியில தொங்குற பூட்டே அவனுக்குச் சொல்லும். அவன் வரட்டும். நான் சொல்ற வரைக்கும் நீ மூச்சு விடக் கூடாது."

உச்சி வெயில் ஏறியது. காடே உண்டு முடித்துக் கண் அயரும் நேரம். அந்த நேரம் பார்த்துக் குழியாண்டி வந்தான், தோளில் ஒரு காலிக் கோணியோடு. பூட்டைப் பார்த்துப் புன்னகை செய்தான். கனகவல்லி இருக்கும் பக்கம் பார்த்துக் கனைத்தான். சத்தமே இல்லை. வேண்டுமென்றே இன்னொரு தடவை கனைத்தான். அப்போதும் சத்தமில்லை.

"வாயாடியோட வாயைத் துள்ளப்பனே அடைச்சிட்டுப் போயிட்டான். நல்லா இருக்கணும் அவன்" என்று வாழ்த்திவிட்டுப் பின்பக்கம் போனான்.

மண் உதிரும் சத்தம் கேட்டது. துள்ளப்பன் துள்ளி எழப் பார்த்தான். கனகவல்லி அவன் காதைப் பிடித்து அமுக்கினாள்.

"பொறு" என்று கிசுகிசுத்தாள். "இப்பக் கத்தினா, சும்மா காத்து வாங்க வந்தேன்னு சொல்லுவான்."

மண் உதிர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு பிடி மண்ணும் தன் நெஞ்சிலிருந்தே உதிர்வது போல் துள்ளப்பன் தவித்தான். குழியாண்டியின் இரண்டு கைகளும் முழங்கை வரை சுவருக்குள் போன பிறகுதான் கனகவல்லி வாயைத் திறந்தாள்.

என்ன ஒரு சத்தம் அது! ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்த சத்தமல்லவா? தூங்கிய காடு தூக்கிவாரிப்போட்டு எழுந்தது. முள்ளம்பன்றி மாமா முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு ஓடிவந்தார். மரங்கொத்தி ஆசாரி உளியும் கையுமாகப் பறந்துவந்தார். குழியாண்டி கையை உருவப் பார்த்தான். அவசரத்தில் கை துவாரத்தில் சிக்கிக்கொண்டது.

"யாரது? எங்கே வந்தீங்க?" என்று கேட்டாள் கனகவல்லி.

குழியாண்டி திருதிருவென்று விழித்தான். "கதவு... நேத்து கதவைச் சரியாப் பார்க்கலைம்மா. அதான் பார்த்துட்டுப் போகலாம்னு."

"கதவு முன்னால இருக்கே. பின்சுவத்துக்குள்ளே கையை விட்டு எந்தக் கதவைப் பார்க்கிறீங்க?"

காடே கொல்லென்று சிரித்தது. பதற்றமாக நின்ற துள்ளப்பனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். குதிர் தப்பித்தது, பிள்ளைகளின் சோறு தப்பித்தது. அந்தச் சந்தோஷத்தில் அவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

குழியாண்டியைச் சும்மா விடவில்லை. மண் வேலையில் அவனைவிடக் கெட்டிக்காரன் யார்? ஓடைக் கல்லையும் களிமண்ணையும் அவனையே சுமந்துவர வைத்து, பின்சுவரை முன்னைவிட இரண்டு பங்கு தடிமனாகக் கட்ட வைத்தார்கள். முள்ளம்பன்றி மாமா முள்ளை விரித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவன் வேலையில் சுணக்கமே இல்லை. அது முடிந்ததும் ஓடையைத் தாண்டிப் போனவன், பிறகு அந்தக் காட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை.

அன்று சாயங்காலமே துள்ளப்பன் மச்சினி கல்யாணத்துக்குக் கிளம்பினான்.

"இனி எப்பப்பா திரும்புவே?" என்று கேட்டார் ஆசாரி.

துள்ளப்பனின் வாய் பாதி திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. "வந்ததும் உங்களுக்குத் தெரியும்ணே" என்றான். வேலியோரம் போய்க் கனகவல்லியின் காதில் மட்டும் நாளைச் சொன்னான். முகூர்த்தத்துக்கு முன்பே மலைக்கு அந்தப் பக்கம் போயும் சேர்ந்துவிட்டான். கல்யாணத்தில் அவன் போட்ட ஆட்டத்தைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டாரே அசந்துபோனார்கள்.

அவர்கள் ஊரில் இல்லாத நாளெல்லாம் கனகவல்லி விடிந்ததும் வந்து அந்த வாசலைப் பெருக்கினாள், கோலம் போட்டாள், தன் குஞ்சுகளை முற்றத்தில் விளையாட விட்டாள். அந்த வழியாகப் போன யாருக்கும் அது ஆளில்லாத வீடென்று தோன்றவில்லை.

குடும்பம் திரும்பி வந்தபோது ஓடைக்கரைத் திருப்பத்திலேயே அந்தக் குரல் கேட்டது.

"யாரது? எங்கிருந்து வர்றீங்க? கையில என்ன மூட்டை?"

குட்டிகள் சிரித்தன. துள்ளப்பன் நின்றான். முதுகை நிமிர்த்திக்கொண்டு ஒவ்வொரு கேள்விக்கும் மரியாதையாகப் பதில் சொன்னான்.

"துள்ளப்பன் வந்திருக்கேன்க்கா. மச்சினி கல்யாணத்துலேருந்து வர்றேன். மூட்டையில முறுக்கும் லட்டும் இருக்கு. பூராவும் உங்களுக்குத்தான்."

"அப்படின்னா உள்ளே போகலாம்" என்றாள் கனகவல்லி.

நீதி: பூட்டு வீட்டின் கதவை மட்டும் காக்கும், விழிப்பான அண்டைவீடு வீடு முழுவதையும் காக்கும்.