பச்சை வரும் வரைக்கும்

"என்னால உட்கார முடியல, சாமி" என்றார் மருதமுத்து. நின்றுகொண்டே.

குகைக்குள் பாயில் படுத்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

ஈப்போ நகருக்கு வெளியே ஒரு சுண்ணாம்புக் குன்றில் அந்தக் குகை. முன்பு அங்கே பெரிய சாமியார் ஒருவர் இருந்தார். ஒருநாள் குகைச் சாவியை நேசமலர் கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார். ஏன் அவளிடம் கொடுத்தார் என்று யாருக்கும் தெரியாது. அவளுக்குப் பத்தொன்பது வயது. ஊர் அவளைக் குட்டிச்சாமி என்றது.

மருதமுத்து ஐம்பதைத் தாண்டியவர். லோரி ஓட்டுகிறவர்.

"லோரியில மட்டும் எப்படி உட்காருறீங்க, அங்கிள்?"

"அது ஓடுது, நான் உட்காருறேன். அது நின்னா நான் இறங்கிடுவேன்."

"இப்ப என்ன அவசரம்?"

"மகளுக்கு அடுத்த மாசம் கல்யாணம்."

நிச்சயதார்த்தத்தில் நடந்ததைச் சொன்னார். தட்டு மாற்ற உட்கார்ந்தவர், உப்பு பத்தவில்லை என்று சமையல்காரரிடம் கத்த எழுந்தார். வந்து உட்கார்ந்தார். மைக் கீச்சிடுகிறது என்று மறுபடி எழுந்தார். அடுத்த முறை எழுந்தபோது தாம்பாளம் கவிழ்ந்தது. தேங்காய் உருண்டு போய் சம்பந்தியம்மாவின் காலில் மோதியது.

"வீடியோ இருக்கா?" என்றாள் குட்டிச்சாமி.

போனில் காட்டினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னொரு தடவை" என்றாள். காதைப் போனில் ஒட்டி வைத்துக் கேட்டாள்.

மருதமுத்து சிரிக்கவில்லை.

"என் பொண்டாட்டி தனபாக்கியம் சொல்லிட்டா, சாமி. ஒழுங்கா உட்கார்ந்து தாரை வார்க்க முடியும்னா மணவறைக்கு வாங்க, இல்லன்னா என் தம்பி குணசீலன் உட்காருவான்னு. என் மகளைக் குணசீலனா தாரை வார்க்கிறது?"

குரல் உடைந்தது. அதை மறைக்க வேப்பை, அந்த மின்சிகரெட்டை, எடுத்து இழுத்தார். குகை முழுக்க மாம்பழ வாசனை.

"எனக்குத் தியானம் சொல்லிக் கொடுங்க. வேற சாமியாருங்ககிட்டயும் போனேன். கண்ணை மூடுன்னாங்க. மூடினா எனக்கு ரோடு தெரியுது."

குட்டிச்சாமி கையை நீட்டினாள்.

"பாக்கெட்டுல இருக்கிறதை எல்லாம் கொட்டுங்க."

லோரிச் சாவி. சில்லறை. ஒரு திருகாணி. அவற்றோடு உருண்டு வந்தன, வேப்பில் மாற்றிப் போட வைத்திருந்த சில பேட்டரிகள். ஒன்றின் மேலுறை கிழிந்து உள்ளே உலோகம் தெரிந்தது.

"சாவியும் சில்லறையும் இதோட ரெண்டு முனையிலயும் ஒண்ணாப் பட்டா என்ன ஆகும் தெரியுமா?"

"என்ன ஆகும்?"

அவள் உதட்டைக் குவித்தாள். 'ஸ்ஸ்ஸ்' என்றது. பிறகு 'டுப்' என்றது. பிறகு, "ஐயோ, என் தொடை!"

மருதமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொடையைத் தடவினார். அலறியது அவருடைய குரல். வந்தது அவள் வாயிலிருந்து.

ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள். நல்ல பேட்டரிகளை ஒன்றோடொன்று முட்டாமல் உள்ளே அடுக்கினாள். கிழிந்ததை எடுத்துத் தனியாகக் கல்லின் மேல் வைத்தாள்.

"இதோட வேலை முடிஞ்சுது. குப்பையில போடாதீங்க. பழைய பேட்டரி வாங்கிக்கிற கடையில கொடுங்க."

"சரி, சாமி. தியானம்?"

"வேப்புக்கு எங்க சார்ஜ் போடுவீங்க?"

"மெத்தை மேல. தலகாணி பக்கத்துல. போட்டுட்டுத் தூங்கிடுவேன்."

குட்டிச்சாமி அவரையே பார்த்தாள். பிறகு முறுக்குத் தட்டை நீட்டினாள்.

"சாப்பிடுங்க அங்கிள். இன்னும் உயிரோட இருக்கீங்க. கொண்டாட வேண்டிய விஷயம்."

பாயைச் சுருட்டித் தள்ளி வைத்தாள். சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றினாள். வெறும் பாறைத் தரையில் அவருடைய சார்ஜரை வைத்து, வேப்பிலிருந்த இரண்டு பேட்டரிகளையும் அதில் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு வாளி மணலை இழுத்து வந்து ஓரமாக வைத்தாள்.

"பச்சை வரும் வரைக்கும் பக்கத்துல இருங்க. அப்பப்போ தொட்டுப் பாருங்க. வெதுவெதுன்னா பரவாயில்லை. கையைச் சுட்டா உடனே பிடுங்கிடுங்க. நீங்க எழுந்து போனா நான் பிடுங்கிடுவேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"கண்ணை மூடணுமா?"

"மூடினா யார் பார்க்கிறது?"

அவள் வெளியே போய்விட்டாள்.

கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. வெளியிலிருந்து தனபாக்கியத்தின் குரல். "ஏங்க! ஒரு வேலை ஒழுங்காத் தெரியுதா உங்களுக்கு? இங்க வாங்க!"

மருதமுத்து வெளியே ஓடினார். அங்கே தனபாக்கியம் இல்லை. குட்டிச்சாமியும் நான்கு குரங்குகளும் இருந்தன.

உள்ளே வந்தாள். பிளக்கைப் பிடுங்கினாள்.

"நாளைக்கு வாங்க."

மறுநாள் குணசீலனின் குரல் கேட்டது. "மச்சான், லோரி உருளுது!" ஓடினார். பிளக் போயிற்று.

அதற்கடுத்த நாள் சமையல்காரர் புலம்பினார். சம்பந்தியம்மா காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். போலீஸ் விசில் அடித்தது. ஒரு ஆடு கத்தியது. ஆட்டுக்கு ஏன் எழுந்தார் என்று மருதமுத்துவுக்கே தெரியவில்லை.

"ஏன் சாமி இப்படிப் படுத்துறீங்க?"

"நான் எங்க படுத்துறேன்? நான் வெளியில இருக்கேன். நீங்கதான் வர்றீங்க."

ஒருநாள் வெளியே ஒரு கல்யாண மண்டபமே கத்திக்கொண்டிருந்தது. தவில், மைக், மாமியார், மச்சான் எல்லாம் ஒரே தொண்டையில். மருதமுத்து எழவில்லை. பேட்டரியைத் தொட்டார்.

சுட்டது.

சுவிட்சை அணைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். மணல் வாளியை அருகில் இழுத்தார். தள்ளி உட்கார்ந்துகொண்டு, கத்தாமல் சொன்னார்.

"சாமி. இதுல ஒண்ணு சரியில்ல."

வெளியே தவில் பாதியில் நின்றது.

ஆறும்வரை இருவரும் தள்ளியே இருந்தார்கள். பிறகு அவள் இரண்டையும் புரட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. ஜோடி போட்டு ஓட்டியிருக்கீங்க."

"ஒண்ணு போச்சு, ஒண்ணு மட்டும் வாங்கினேன்."

"பழசால புதுசுக்கு ஈடுகொடுக்க முடியல. ரெண்டையும் ஒண்ணா வாங்கணும். ஒண்ணா வேலை செய்யணும். ஒண்ணா சார்ஜ் ஏறணும். வேலை முடிஞ்சா ஒண்ணாவே போகணும்."

மருதமுத்துவின் கண் கலங்கியது. "கல்யாணத்தையா சொல்றீங்க, சாமி?"

"பேட்டரியைச் சொல்றேன், அங்கிள்."

மறுநாள் அவர் புது ஜோடி வாங்கி வந்தார். மகளின் நகப்பூச்சை எடுத்து இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பொட்டு வைத்திருந்தார். பாறையில் சார்ஜரை வைத்தார். உட்கார்ந்தார்.

தனபாக்கியம் கூப்பிட்டாள். லோரி உருண்டது. ஆடு கத்தியது. சமையல்காரர் அழுதார்.

மருதமுத்து சிவப்பைப் பார்த்தார். தொட்டார். வெதுவெதுப்பு. பார்த்தார்.

பச்சை.

"சாமி! பச்சை!"

துள்ளிக்கொண்டு பேட்டரியை எடுத்து வேப்பில் போடப் போனார். அவள் அவர் கையில் ஓர் அடி வைத்தாள்.

"ஆறட்டும்."

"இன்னுமா?"

"ஏறினதும் ஓடக் கூடாது. கொஞ்சம் ஆறட்டும்."

அவர் மறுபடி உட்கார்ந்தார்.

"எல்லாம் சரி, சாமி. அடுத்த வாரம் கல்யாணம். தியானம் எப்பதான் சொல்லிக் கொடுப்பீங்க?"

"கல்யாணத்துல கேசரி உண்டா?"

"காலைப் பந்தியிலயே உண்டு."

"அப்ப வர்றேன்."

கல்யாண மண்டபம். மணவறையில் மருதமுத்து, பக்கத்தில் தனபாக்கியம், எதிரே மகள் ஹேமலதாவும் மாப்பிள்ளையும். பின்னால் பட்டு வேட்டியோடு தயாராக நின்றான் குணசீலன்.

ஐயர் ஓமம் வளர்த்தார். மருதமுத்து நெருப்பைப் பார்த்தார். சிவப்பு.

"ஐயா, கேஸ் தீர்ந்துபோச்சு! சாம்பார் பாதி வேக்காட்டுல நிக்குது!" முதுகுக்குப் பின்னால் சமையல்காரரின் குரல்.

மருதமுத்து புன்னகைத்தார். குட்டிச்சாமி வந்துவிட்டாள்.

மைக் கீச்சிட்டது. புன்னகைத்தார்.

"மச்சான், வாசல்ல நிறுத்தின உங்க காடி வழியை மறிக்குது!"

புன்னகைத்தார். இன்றைக்குக் குணசீலன் குரல் அச்சு அசலாக இருக்கிறதே என்று மனசுக்குள் மெச்சினார்.

தனபாக்கியம் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். குடித்திருக்கிறாரோ என்று முகர்ந்துகூடப் பார்த்தாள்.

அப்பப்போ மகளின் கையைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுவென்று இருந்தது. பரவாயில்லை.

தாரை வார்த்தார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

கெட்டி மேளம் முழங்கியது. மாப்பிள்ளை தாலி கட்டினார். மண்டபமே எழுந்து நின்று அட்சதை போட்டது. மருதமுத்து உட்கார்ந்த இடத்திலிருந்தே போட்டார்.

"என்னங்க" என்றாள் தனபாக்கியம். அவள் குரல் அப்படிக் கனிந்து அவர் கேட்டதே இல்லை. "கடைசி வரைக்கும் உட்கார்ந்துட்டீங்க."

"குட்டிச்சாமிதான். பின்னால நின்னுகிட்டு என்னமாக் கத்தினா! கேஸு, மைக்கு, காடின்னு ஒண்ணு விடல. எங்க அவ?"

"அந்தப் பொண்ணா? காலைப் பந்தியில உட்கார்ந்தவ இன்னும் கேசரியை விட்டு எழுந்திரிக்கல."

"அப்ப கேஸ்?"

"நிஜமாவே தீர்ந்துபோச்சு. குணசீலன்தான் ஓடினான். உங்க காடியையும் அவன்தான் நகர்த்தினான். வேட்டியெல்லாம் கரி, பாவம்."

மருதமுத்து பந்திப் பக்கம் பார்த்தார். வாழையிலைக்குப் பின்னாலிருந்து, தூரத்தில், ஒரு ஆடு கத்தியது.

"அப்பா" என்றாள் ஹேமலதா. "முடிஞ்சிருச்சுப்பா. எழுந்திரிங்க. போட்டோ எடுக்கணும்."

"பொறும்மா" என்றார் அவர், சம்மணத்தை இன்னும் வசதியாகப் போட்டுக்கொண்டு. "கொஞ்சம் ஆறட்டும்."