நிம்மதி: பதிவு செய்யப்பட்டது

“என் நிம்மதியை ஒருத்தி எடுத்துக்கிட்டா, சாமி.”

வந்ததும் வராததுமாகச் சன்னாசி சொன்னது இதுதான். பேர்தான் சன்னாசி. போடியில் நாலு கடை, கோர்ட்டில் ரெண்டு கேஸ்.

சாமிக்கு அவரைவிட இருபது வயது குறைவு. மடத்து வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

“எப்படி எடுத்தா?”

சன்னாசி பைக்குள் கைவிட்டு ஒரு தலையணையை உருவிக் கீழே போட்டார். இலவம்பஞ்சுத் தலையணை. ஓரத்தில் சிவப்பு நூலால் ‘நிம்மதி’ என்று தைத்திருந்தது.

“இந்தப் பேரு என்னோடது. ட்ரேட்மார்க் வாங்கியிருக்கேன். பத்து வருஷம் முடிஞ்சதும் பணம் கட்டிப் புதுப்பிச்சும் வச்சிருக்கேன். முத்துப்பேச்சின்னு ஒருத்தி அதே பேர்ல தலையணை தைச்சு விக்கிறா. நோட்டீஸ் விட்டேன். அவ என்னடான்னா, என் பேரையே பதிவுல இருந்து நீக்கணும்னு திருப்பி மனு போட்டிருக்கா!”

“எதுக்கு நீக்கணுமாம்?”

சன்னாசி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“அஞ்சு வருஷத்துக்கு மேல உபயோகிக்காத பேரை நீக்கலாமாம்.”

“நீங்க தலையணை தைக்கிறதில்லையா?”

“ஆரம்பத்துல தைச்சேன். அப்புறம் எங்க நேரம்? எவன் எவன் இந்தப் பேரை வைக்கிறான்னு பாத்து நோட்டீஸ் விடவே பொழுது சரியா இருக்கு.”

சாமி சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருந்தால் சன்னாசிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“தூக்கம் வருதா?”

“கண்ணை மூடினா அந்தச் சிவப்பு எழுத்துதான் தெரியுது. நாளன்னிக்கு விசாரணை. பேரு போச்சுன்னா நான் செத்தேன், சாமி. ஜெயிப்பேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

சாமி தலையணையை எடுத்தார். தூசி போக ரெண்டு தட்டுத் தட்டினார். வேப்பமரத்தடியில் போட்டுத் தலை சாய்த்தார்.

உடனே குறட்டை.

சன்னாசிக்குக் கோபம் கோபமாக வந்தது. எழுப்பவும் பயம். பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

மரத்து நிழல் மெல்ல நகர்ந்து மடத்துச் சுவரில் ஏறியது. சாமி புரண்டுகூடப் படுக்கவில்லை. பார்க்கப் பார்க்கச் சன்னாசிக்குக் கோபம் போய்ப் பொறாமை வந்துவிட்டது. இப்படித் தூங்கி எத்தனை காலமாயிற்று என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை.

சாயங்காலம் சாமி எழுந்து சோம்பல் முறித்தார்.

“அருமையான தலையணை. யாரோடது?”

“என்னோடது” என்றார் சன்னாசி, பட்டென்று. பிறகு, “பேரு என்னோடது” என்றார்.

“தலையணை?”

சன்னாசி வேறு பக்கம் பார்த்தார்.

“அவளோடது.”

சாமி தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சன்னாசியின் பையைத் திறந்து, லேமினேஷன் போட்ட ட்ரேட்மார்க் சான்றிதழை எடுத்தார். தலையணை இருந்த இடத்தில், வெறும் மண்ணில், அதை வைத்தார்.

“ரொம்ப அசந்து போயிருக்கீங்க, முதலாளி. உங்களோடதைத் தலைக்கு வெச்சுக் கொஞ்சம் படுங்க.”