முள் ஏறியது, வண்டி ஏறவில்லை

“இன்ஜினுக்குப் பசி டீசல் மேல இல்லப்பா, காத்து மேல...” தொழிற்பயிற்சி நிலையத்தில் ஸ்டெல்லா டீச்சர் இப்படித் தொடங்கி இன்னும் ஏதோ சொன்னார். முதல் பாதிதான் மாதேசனுக்கு நினைவிருந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டே கல்வராயன் மலையில் இத்தனை வருஷம் ஜீப் ஓட்டிவிட்டான். தலையும் நரைத்துவிட்டது.

டீச்சர் ஓய்வுபெற்ற பிறகு மலைமேல் சந்தைத் தெருவில் பட்டறை போட்டிருந்தார். மாதேசன் அங்கே ஜீப்பை நிறுத்தினான். பின்னாலிருந்து பள்ளத்து ஊர்க்காரன் சடையனும் இறங்கினான்.

போன வாரம் சடையன் மனைவிக்கு வலி எடுத்தது. பள்ளத்து ஊரிலிருந்து மேலே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய மாதேசனின் ஜீப், பலாமரத்து வளைவில் நின்றுபோனது. மிச்ச தூரம் அவளைப் போர்வையில் கிடத்தித் தூக்கிப்போனார்கள். தாயும் பிள்ளையும் சுகம்.

“டர்போ பிரஷரை இன்னும் ஏத்தித் தாங்க டீச்சர். ஊர்ல இன்னொரு பொண்ணுக்கு இதுதான் மாசம்,” என்றான் மாதேசன்.

“இப்ப எவ்வளவு காட்டுது?”

“மீட்டர் முள்ளு ஒரு பார் அழுத்தம்தான் காட்டிட்டு இருந்துச்சு. நானே டர்போ கம்பியை முறுக்கி ஒன்றரை ஆக்கினேன். ரெண்டு ஆக்கினா இழுத்துடும்ல?”

“ஒன்றரை ஆக்கினப்ப ஏறுச்சா?”

“முள்ளு சூப்பரா ஏறுச்சுங்க.”

“நான் வண்டியைக் கேட்டேன்.”

மாதேசன் தலையைச் சொறிந்தான். “கொதிச்சுப்போய் நின்னுடுச்சுங்க. ஆனா அழுத்தம் கூடினா குதிரைசக்தி கூடும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?”

டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்தார்.

சந்தை நாள். எதிரே பஸ் வந்து நின்றது. மொத்தக் கூட்டமும் முன்வாசலில் மோதியது.

“தள்ளுய்யா!”

“உன் மூட்டையைத் தள்ளு, என்னை ஏன் தள்றே?”

“கோழியை மிதிக்காதீங்க, நாளைக்குக் குழம்பு அதான்!”

“என்ன தெரியுது?” என்றார் டீச்சர்.

“கூட்டங்க. செம நெருக்கடி.”

“எத்தனை பேர் ஏறினாங்க?”

மாதேசன் பார்த்தான். “ஒருத்தரும் ஏறலைங்க.”

பஸ்ஸுக்குள் கண்டக்டர் கத்தினார். “பொண்ணு பார்க்க வந்த மாதிரி வாசல்லயே நிக்கிறீங்களே! பின்னால காலியா கெடக்கு, போங்க! யாருதுங்க இந்தப் புளி மூட்டை? நடுவுல இருந்து எடுங்க!”

யாரோ முனகிக்கொண்டே மூட்டையை இழுத்தார்கள். உள்ளே நின்றவர்கள் நகர்ந்தார்கள். வெளியே நின்ற கூட்டம் மளமளவென்று ஏறியது. கோழியும் ஏறியது. வாசலில் ஒருவருமில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

டீச்சர் ஸ்பானரை எடுத்தார். மாதேசன் முறுக்கிய கம்பியைப் பழைய இடத்துக்கே தளர்த்தினார். பிறகு இன்டர்கூலரைக் கழற்றினார். டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றைக் குளிரவைத்து இன்ஜினுக்குள் விடும் பெட்டி அது. வெளியே செம்மண் அப்பிக் கிடந்தது. கவிழ்த்தால் உள்வழியை அடைத்திருந்த எண்ணெய்க் கசடு கறுப்பாக வழிந்தது.

“மீட்டர் குழாயை எங்கப்பா சொருகியிருக்கே?”

“டர்போ வாய்கிட்டயே, இந்தப் பெட்டிக்கு முன்னாடி. அங்கதாங்க நல்லா காட்டுது.”

டீச்சர் சிரித்தார். பெட்டியை மண்ணெண்ணெய் ஊற்றி அலசி, உலரவைத்து, மாட்டினார். “எடு வண்டியை,” என்று தானும் ஏறிக்கொண்டார். சடையன் பின்சீட்டில் உட்கார்ந்தான்.

பள்ளம் வரை இறங்கித் திரும்பினார்கள். பலாமரத்து வளைவு வந்தது. மாதேசன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தான். முள் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஜீப் இரண்டாவது கியரிலேயே வளைவைத் தாண்டி மேலேறியது.

“அண்ணா, தாண்டிருச்சு!” என்று சடையன் சீட்டைத் தட்டினான். அதே வேகத்தில் கேட்டுவிட்டான். “ஞாயித்துக்கிழமை நீதான் வந்து பேரு வைக்கணும். ஊரே சொல்லுது.”

“திரும்ப ஆரம்பிச்சுட்டியா? வழியில நின்ன வண்டிக்காரன் நான். வேற ஆளைப் பாரு.”

“நீ வரலைன்னா கீழ ஊர் ஆத்தங்கரையில இருந்தே தூக்கியிருக்கணும்ணா. அவ பொழைச்சிருப்பாளா? தினமும் உன்னைத்தான் சொல்றா.”

மாதேசன் பேச்சை மாற்றினான். “டீச்சர், முள்ளு இவ்வளவு கீழ நிக்குது. எப்படிங்க இழுக்குது?”

“முள்ளு காட்டினது வாசல்ல நின்ன காத்தை. வண்டியை இழுக்கிறது உள்ள போன காத்து.”

சிறிது தூரம் போன பிறகு டீச்சர் கேட்டார். “சடையன் எத்தனை நாளாப்பா உன் வாசல்ல நிக்கிறான்?”

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மாதேசன் சடையனிடம் சொன்னான்.