அலமாரியின் முதுகில் ஒரு சாக்கெட்

"தப்பு யாரோடதுன்னு மட்டும் சொல்லுங்க மேடம். சொல்லிட்டீங்கன்னா நான் கெளம்பிடறேன்."

சென்னியப்பன் நின்றுகொண்டே கேட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. 

சௌந்தரவல்லி மேடம் தலை நிமிரவில்லை. பூதக்கண்ணாடிக்கு அடியில் ஒரு கண்ணாடி இழையின் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கே கெளம்பறீங்க?"

"வீட்டுக்குங்க."

"அப்புறம்?"

"அப்புறம் வர்றதா இல்லீங்க."

மேடம் முனையைத் திருப்பி மறுபடியும் துடைத்தார்.

அவர் சென்னியப்பனைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். சென்னியப்பன் கோயம்புத்தூரில் முப்பது வருடம் பிளாஸ்டிக் சாமான்களுக்கு அச்சு வெட்டியவர். அந்தக் கம்பெனி மூடியபிறகு, கனெக்டர் செய்யும் இந்தப் பட்டறைக்கு வந்தார். ஒரு ஒயரும் இன்னொரு ஒயரும் சேருகிற இடத்தில் கரண்ட் எப்படிக் கடக்கும், வெளிச்சம் எப்படிக் கடக்கும் என்பதையெல்லாம் ஐம்பது வயதுக்குமேல் மேடத்திடம்தான் கற்றுக்கொண்டார். குரு என்று ஒருவர் தனக்கு உண்டென்றால் அது இவர்தான் என்று மனதில் வைத்திருந்தார். வாய்விட்டுச் சொன்னதில்லை.

சென்னியப்பனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. செய்து முடித்த சாமானைக் காதருகே வைத்து உலுக்கிப் பார்ப்பார். சின்னதாக 'டிக்' என்று கேட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார். சென்னியப்பன் கைப்பட்டது ஆடாது என்று ஊரில் பேர்.

இப்போது அந்தப் பேர்தான் தடுமாறிக்கொண்டிருந்தது.

வேலை இதுதான். ரயில் பாதை ஓரம் நிற்கும் இரும்பு அலமாரி. அதற்குள் கருவிகள் வைத்த ஒரு கனமான தட்டு. இழுப்பறையைத் தள்ளுவதுபோல அதை உள்ளே தள்ள வேண்டும். தட்டின் பின்னால் ஒரு பிளக். அலமாரியின் பின்சுவரில் ஒரு சாக்கெட். இரண்டும் உள்ளே இருட்டில் தாமாகவே சேர வேண்டும். கை நுழையாது. கண்ணும் எட்டாது.

கரண்டுக்குக் கவலையில்லை. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் உலோகம் உலோகத்தைத் தொட்டால் போதும். வெளிச்சம் அப்படியல்ல. அதைக் கொண்டுபோகும் இரண்டு பக்கத்துக் கண்ணாடி இழைகளும் முகத்துக்கு முகம் நிற்க வேண்டும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு விலகினால் வெளிச்சம் வழியிலேயே சிந்திப்போகும்.

பிளக்கும் அதில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணியும் கூட வேலை செய்யும் பிலோமினாவின் பொறுப்பு. சாக்கெட்டும் அந்த ஆணி நுழையும் ஓட்டையும் சென்னியப்பனுடையது.

வாங்குகிற கம்பெனியின் ஆள் இரண்டு தடவை வந்து பார்த்தார். இரண்டு தடவையும் வெளிச்சம் சிந்தியது. நாளைக் காலை மூன்றாவது தடவை. அதுவும் சரியில்லையென்றால் வேலை வேறு பட்டறைக்குப் போய்விடும். பட்டறையில் இவர்கள் பகுதியையே மூடிவிடுவதாக முதலாளி சொல்லியாகிவிட்டது.

"முதல் தடவை போச்சுன்னதும் ஓட்டையோட அளவை இறுக்கினேன்," என்றார் சென்னியப்பன். "ரெண்டாவது தடவை போச்சுன்னதும் சுவத்துல நாலு திருகு போட்டு, பசையும் ஊத்திட்டேன். இனி இடி விழுந்தாலும் என் சாக்கெட் அசையாது. இன்னிக்குப் பார்த்தா முன்னைவிட மோசமா சிந்துது. அப்ப தப்பு யார் பக்கம்?"

கதவுப் பக்கமிருந்து பதில் வந்தது.

"சொல்லுங்க, சொல்லுங்க. என் பேரைச் சொல்லிக் கொடுக்கத்தானே வந்தீங்க?"

பிலோமினா டீ தம்ளரோடு நின்றாள். முப்பத்து நான்கு வயது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தாள்.

"உன் பேரை நான் சொல்லலை அம்மணி. உன் ஆணி சொல்லுது."

"என் ஆணி கேஜுல அளந்தா சரியாத்தான் இருக்கு. போன வாரம் நானும் அளவை இறுக்கிட்டேன். உங்க ஓட்டைதான் வாசல்லயே முட்டுது."

"என் ஓட்டையும் கேஜுல சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் எதுக்கண்ணா முட்டுது?"

"பிளக்கு ஆம்பளைப் பக்கம்னு உனக்குக் குடுத்தாங்க. அதான் திமிரு."

"சாக்கெட்டு பொம்பளைப் பக்கம்னு உங்களுக்குக் குடுத்தாங்க. அந்தப் பொறுமை எங்கே?"

மேடம் பூதக்கண்ணாடியின் விளக்கை அணைத்தார்.

"டீயை அங்கே வெச்சிட்டு வா பிலோமினா. ரெண்டு பேரும் எதிரெதிரா நில்லுங்க. கண்ணை மூடுங்க. ஆள்காட்டி விரலை நீட்டி, நுனியோட நுனி தொடணும்."

"என்னங்க மேடம், கண்ணாமூச்சியா?"

"மூடு."

மூடினார்கள்.

இரண்டு விரல்களும் காற்றில் அலைந்தன. ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போனது. பிலோமினாவின் விரல் சென்னியப்பனின் சட்டைப் பைக்குள் போய்ப் பேனாவில் இடித்தது. அவருடைய விரல் அவள் நெற்றிக் கண்ணாடியைத் தட்டிவிட்டது.

"அண்ணா! கண்ணு போயிருக்கும்!"

"நீ ஏன் ஓடிக்கிட்டே இருக்கே? ஒரு இடத்துல நில்லு."

"நீங்க நில்லுங்க."

"சரி," என்றார் மேடம். "ரெண்டு பேரும் நில்லுங்க. முழங்கையை மேஜைமேல ஊணிக்குங்க. அந்தக் கையை இந்தக் கையால கெட்டியாப் பிடிச்சுக்குங்க. மேலே கீழே, அக்கம் பக்கம் அசையக் கூடாது. நேரா முன்னால மட்டும் கொண்டு வாங்க."

கண் மூடியபடியே கொண்டு வந்தார்கள். இரண்டு விரல்களும் பக்கம் பக்கமாக ஒன்றையொன்று கடந்து போயின. நடுவில் ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி.

சென்னியப்பன் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"பாருங்க மேடம், என் கை எவ்வளவு நேரா இருக்கு!"

"என் கையும் நேராத்தான் இருக்கு," என்றாள் பிலோமினா.

மேடம் இரண்டு கைகளையும் பார்த்தார். இருவர் சொன்னதும் உண்மைதான்.

"இன்னொரு தடவை. மூடுங்க."

இந்தத் தடவை மேடம் பிலோமினாவின் மணிக்கட்டின்மேல் தன் கையை வைத்து மேஜையோடு அழுத்திக்கொண்டார். சென்னியப்பனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சென்னியப்பன் காத்திருந்தார். எப்படிச் செய்ய வேண்டும் என்று யாராவது சொல்வார்கள் என்று நினைத்தார். சுவரில் மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. டீ ஆறுகிற வாசனை வந்தது.

கடைசியில் தன் மணிக்கட்டைத் தானே விட்டார்.

விரல் வலது பக்கம் போயிற்று. ஒன்றும் இல்லை. கொஞ்சம் கீழே வந்தது. ஒரு நகத்தின் ஓரம் தட்டுப்பட்டது. அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டே மெல்ல வழுக்கி, நுனியில் போய் உட்கார்ந்தது.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. எதிரே இருந்த விரல் டீ தம்ளர் பிடித்த சூட்டோடு அசையாமல் இருந்தது.

"இப்ப யார் கை நேரா இருந்துச்சு?" என்று மேடம் கேட்டார்.



சென்னியப்பன் கண்ணைத் திறந்தபோது மேடம் தன் இடத்துக்குப் போய், பூதக்கண்ணாடி விளக்கை மறுபடி போட்டிருந்தார்.

"மேடம்."

"ம்."

"பசை ஊத்திட்டேனே."

"ம்."

"எடுக்கணும்னா உடைச்சாத்தான் வரும்."

"ம்."

"எடுத்துட்டா ஆடும்."

மேடம் இதற்கு 'ம்' சொல்லவில்லை.

சென்னியப்பனின் குரல் கொஞ்சம் ஏறியது. "முப்பது வருஷத்துக்கு மேலா என் கையிலிருந்து ஆடற சாமான் ஒண்ணு வெளிய போனதில்லை. ஏன் நான்தான் விடணும்? அவ பக்கம் ஆடக் கூடாதா?"

"அவ பிளக்குக்குப் பின்னால பதினெட்டு கிலோ தட்டு இருக்கு," என்றார் மேடம். "அதை ஆடச் சொல்லட்டுமா?"

பிலோமினா சிரிக்கப் போனாள். சென்னியப்பனின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். ஆறிப்போன டீயை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"குடிங்கண்ணா."

"ஆறிப்போச்சு."

"ஆறினதைக் குடிச்சா ஒண்ணும் ஆயிடாது."

குடித்தார்.

"கெளம்பறேன்னு சொன்னீங்களே?" என்று மேடம் கேட்டார்.

"கெளம்பறேங்க." தம்ளரைக் கீழே வைத்தார். "அம்மணி, சுத்தியலை எங்கே வெச்சே?"

பசையை உடைத்து எடுக்கவே வெகு நேரமாயிற்று. சாக்கெட்டின் ஓரம் ஒன்று பெயர்ந்துவிட்டது. சென்னியப்பன் புதிதாக ஒன்றை எடுத்தார். அதில் திருகு போகும் ஓட்டைகளைப் பெரிதாக்கினார். திருகை எவ்வளவு முறுக்கினாலும் சாக்கெட்டை நசுக்காதபடி, ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு குட்டிக் குழாய் செருகினார். சாக்கெட் விழாது, ஆனால் நான்கு பக்கமும் நகரும். வாயைப் புனல்போல விரித்துவிட்டார். பிலோமினாவின் ஆணி எங்கே வந்து முட்டினாலும் சறுக்கிக்கொண்டு நடுவுக்கு வரட்டும் என்று.

ஆடவிட்டாரே தவிர, அளவில்லாமல் விடவில்லை. ஓட்டையில் ஒரு நூல் அளவு கூடிப்போனதால் ஒரு சாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று செய்தார்.

"ஆடத்தானேண்ணா போகுது?" என்றாள் பிலோமினா.

"ஆடட்டும். கண்டபடி ஆடக் கூடாது."

முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் அதைக் காதருகே கொண்டுபோனார். பாதி வழியில் கையை இறக்கிவிட்டார். உலுக்காமலே சுவரில் மாட்டினார்.

மறுநாள் காலை அந்த ஆள் வந்தார். ஒல்லியான மனிதர். எதையும் நம்பாத முகம். முதலாளியும் கூடவே வந்து சுவரோரம் நின்றார்.

பிலோமினா தட்டைத் தள்ளினாள். உள்ளே 'கடக்' என்று ஒரு சத்தம். வெளிச்சம் எவ்வளவு சிந்துகிறது என்று அளக்கும் பெட்டியில் சின்ன எண் வந்தது.

ஒல்லி மனிதர் எண்ணைப் பார்த்தார். தட்டை வெளியே இழுக்கச் சொன்னார். மறுபடி தள்ளச் சொன்னார். அதே எண்.

"நகருங்க," என்று அவரே தட்டைப் பிடித்தார். ஒரு பக்கம் தூக்கிக் கோணலாகத் தள்ளினார். அதே எண். தட்டின் மூலையில் ஓர் இரும்புத் துண்டை வைத்து, தொங்கவிட்டுத் தள்ளினார். கடைசி இலக்கத்தில் ஒன்று மட்டும் மாறியது.

முதலாளி மூச்சு விட்டது எல்லோருக்கும் கேட்டது.

சென்னியப்பன் எண்ணைப் பார்க்கவில்லை. ஒல்லி மனிதரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நினைத்தபடியே ஆயிற்று. அந்தக் கை அலமாரியின் பின்பக்கம் போயிற்று. நான்கு திருகுகளையும் கழற்றி, குழாய்களோடு சாக்கெட்டை வெளியே எடுத்தது. காதருகே கொண்டுபோய் உலுக்கியது.

டிக். டிக்.

மறுபடியும் உலுக்கியது.

டிக்.

"இது யார் வேலைங்க?"

முதலாளி மேடத்தைப் பார்த்தார். மேடம் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிலோமினா முந்திக்கொண்டாள். "சார், அது வந்துங்க, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து..."

சென்னியப்பன் அவள் தோளை லேசாகத் தொட்டு ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார்.

"என்னோடதுங்க."