அலாஃபியாவும் ஒரு குல்லாவும்

முதலில் வம்புக்கு இழுத்தவர் ஊர்த்தலைவர் ஓயேவுமிதான். தங்கள் யொரூபா மொழியில் கலந்த அரபுச் சொல்லை எவன் பேசினாலும் அவன் குல்லாவைப் பிடுங்குவேன் என்று சந்தையில் முழங்கினார். நொண்டிய குதிரைக்காக "அதுரா செய்தேன்" என்றான் அவருடைய குதிரைக்காரன் லாமிதி. பிரார்த்தனைக்கு அந்த ஊரில் எல்லோரும் சொல்லும், அரபிலிருந்து வந்த சொல் அதுதான். ஆனாலும் குல்லா போயிற்று. வெள்ளிக்கிழமை அவன் மகளுக்குக் கல்யாணம். வெறுந்தலையோடு வரும் தகப்பனை அங்கே யார் மதிப்பார்கள்?

மறுநாள் தலைவர் குதிரையில் சந்தைக்கு வந்தார். லாமிதி சொல்லிவைத்தபடி, "அலாஃபியாவா?" என்று ஒருவரும் அவரை நலம் விசாரிக்கவில்லை. அந்த ஊரில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. தலைவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. குதிரையை இங்கும் அங்கும் திருப்பிப் பார்த்தார். கடைசியில் கத்தியேவிட்டார்.

"ஏண்டா, எனக்கு அலாஃபியாவா என்று கேட்க இந்த ஊரில் ஒரு நாதி இல்லையா?"

லாமிதி கையை நீட்டினான். "குல்லாவைக் கழற்றுங்கள், பாபா. அலாஃபியா அரபுச் சொல்."

"எவன் சொன்னான்? என் பாட்டனார் வாயில் புழங்கிய சொல். அது நம்முடையது!"

"என் பாட்டனும் அதுராதான் செய்தான், பாபா. அப்படியானால் என் குல்லாவைக் கொடுங்கள்."

சந்தையே சிரித்தது. தலைவர் குதிரையிலிருந்து இறங்கி, தன் குல்லாவை இரு கையாலும் அழுத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

கல்யாணத்துக்கு லாமிதி வெறுந்தலையோடுதான் போனான். இன்றும் காலையில் தலைவர் வாசலில் நின்று உரக்கக் கேட்கிறான்: "அலாஃபியாவா, பாபா?" உள்ளேயிருந்து பதிலும் வரவில்லை, குல்லாவும் வரவில்லை.