பூசணிக்கு இமை இல்லாமல் போன கதை

கொடிகளுக்குப் பேச்சு இருந்து பார்வை இல்லாதிருந்த அந்தக் காலத்தில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில் தையல்நாயகி என்று ஒரு பொம்மைக்காரி இருந்தாள். அவள் கணவன் வீரையன் மண்ணை மிதித்து, அச்சில் அடித்து, சூளையில் சுடுவான். அவள் வண்ணம் தீட்டி, கடைசியில் கண் திறப்பாள். கண் திறப்பது என்றால் கருவிழி வைப்பது. வைத்த கையோடு ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் எடுத்துப் பொம்மையின் முன்னால் பிடிப்பாள். பொம்மை முதலில் தன்னைத்தான் பார்க்க வேண்டும், பிறகுதான் பிறரை. தொழில் முறை அப்படி. மண் பொம்மை எதைப் பார்க்கும் என்று அவள் கேட்டதில்லை. தொழில் முறைகளைக் கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் அந்தத் தொழிலைச் செய்யாதவர்கள்தான்.

அவர்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பூசணிக்கொடி படர்ந்திருந்தது. பூசணி என்றால் சாம்பல் பூசணி. மஞ்சளாக இருப்பது பரங்கி. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் சமையலிலும் சங்கடப்படுவார்கள், இந்தக் கதையிலும் சங்கடப்படுவார்கள். ஆனால் அன்றைக்குப் பூசணியின் மேல் சாம்பல் கிடையாது. எண்ணெய் தடவிய தலை மாதிரி பச்சைப் பசேலென்று பளபளக்கும்.

புரட்டாசி பிறந்ததும், பிஞ்சிலேயே வெம்பி உதிர்ந்த சின்னக் காய்களைத் தையல்நாயகி பொறுக்கிவந்து வெயிலில் காயவைப்பாள். ஒன்றுக்கு ஈர்க்குச்சியில் காலும் கழுத்தும் செருகினால் மயில். ஒன்றுக்குக் கந்தல் துணியைச் சுற்றினால் பாவாடைக்காரி. ஒன்றைக் குடைந்து ஓட்டை போட்டால் அகல் வைக்கும் கூடு. எல்லாவற்றையும் வாசல் மாடத்தில் வரிசையாக வைப்பாள். கண் மட்டும் வைக்க மாட்டாள். "செத்ததுக்குக் கண்ணு எதுக்கு?" என்பாள். கொடியும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. உதிர்ந்தவை உதிர்ந்தவைதானே.

அந்த ஆண்டு கொடியில் தங்கியது ஒரே ஒரு பெரிய காய். அது வைக்கோல் மேல் கிடந்தது. தையல்நாயகியின் மகள் குஞ்சரம் நாள் முழுக்க அதன்மேல் சாய்ந்துகொண்டு கதை பேசுவாள்.

"அத்தே," என்றது பூசணி ஒருநாள். "செத்துப்போன என் தங்கச்சிங்களுக்கெல்லாம் பாவாடை கட்டி விடுறீங்க. உசுரோட இருக்கிறவளுக்கு ஒண்ணும் கெடையாதா?"

"உனக்கு என்னடி வேணும்?"

"கண்ணு."

"கண்ணை வெச்சு எதைப் பாக்கப் போறே? வைக்கோலையும் சாணியையுமா?"

"குஞ்சரத்தைப் பாக்கணும். அவ ரொம்ப அழகுன்னு அவளே சொன்னா."

தையல்நாயகி சிரித்துவிட்டாள். ஒரு வருஷத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். காரணம் உண்டு.

அந்த ஊருக்கு ஆண்டுதோறும் ஒரு விருந்தாளி வரும். அதன் பெயர் கண்ணேறு. இன்று அது காற்றைப் போல வந்துபோகிறது என்கிறார்கள். அன்று அதற்குக் கால் இருந்தது. கொக்குக்கு இருப்பது போன்ற மெலிந்த கால்கள். முகம் இருக்க வேண்டிய இடம் முழுவதும் ஒரே கண். மழை பெய்து ஊர் பசுமையேறும் ஐப்பசியில் வரும். கெட்ட எண்ணம் துளிகூடக் கிடையாது, கொடுமையே அதுதான். கண்டதையெல்லாம் மனதார வியக்கும். "அடடா, என்ன மடி!" என்றால் பசு வற்றிப்போகும். கதவைச் சாத்திக்கொண்டால், "என்ன நேர்த்தியான தச்சு வேலை!" என்னும், கதவு இற்று விழும், பிறகு உள்ளே எட்டிப் பார்க்கும். பிள்ளையின் கன்னத்தில் மை வைத்து அழகைக் குறைத்துப் பார்த்தார்கள். "அந்தக் கறுப்புப் பொட்டு எவ்வளவு எடுப்பா இருக்கு!" என்றது.

போன ஐப்பசியில் தையல்நாயகி தன் வாழ்நாளிலேயே சிறந்த பொம்மையைச் செய்து வாசலில் நிறுத்தியிருந்தாள். கண்ணேறு அதை ஒரு பார்வை பார்த்து, "பாவம், உசுரில்லையே," என்று கடந்து போயிற்று. கூடத்தில் அவள் மூத்த மகன் மருதன் உட்கார்ந்திருந்தான். "என்ன சிரிப்பு!" என்றது. மருதன் அதற்கப்புறம் சிரிக்கவில்லை. தை பிறப்பதற்குள் அவனைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

இந்த ஐப்பசிக்கு மிச்சமிருந்தது குஞ்சரம்.

மழை விட்ட ஒரு மாலையில் காகம் பந்தலில் வந்து உட்கார்ந்தது. அந்தக் காலத்தில் மனிதரை விட்டால் பேச்சும் பார்வையும் இரண்டுமே வாய்த்தது காகத்துக்குத்தான். ஆகையால் ஊர்ச் செய்தி முழுவதும் அதன் பொறுப்பில் இருந்தது.

"பக்கத்து ஊருக்கு வந்தாச்சு," என்றது காகம். "அங்க ஒரு கல்யாணப் பொண்ணைப் பாத்துச்சு. வாழைமரத்தைக்கூட அவுக்கல, பாடை கட்டிட்டாங்க. நாளைக்கு உங்க தெரு."

தையல்நாயகி தூரிகையைக் கீழே வைத்தாள். "பறந்து திரியறவன் நீ. ஒரு வழி சொல்லக் கூடாதா?"

"சொன்னா என் பேரை இழுக்கக் கூடாது."

"இழுக்க மாட்டேன். சொல்லு."

"நீங்க தலைகீழா செய்யுறீங்க. அழகா ஒண்ணை முன்னால வெச்சா ஒரே வாயில முழுங்கிட்டு அடுத்ததுக்குப் போயிடும். கோரமா ஒண்ணை வை. இதுல அழகு எங்கன்னு தேடிக்கிட்டே நிக்கும். ஆனா மண்ணு உதவாது. உசுரு இருக்கணும். அதைப் பாத்துக்கிட்டே இருக்கணும். இமைச்சா போச்சு, மேல நடந்துடும்."

"உசுருள்ளது எது இமைக்காம இருக்கும்?"

"அதை என்கிட்ட கேக்குறியே! நீ கண்ணு வெச்ச எதுக்காவது இமை இருக்கா?"

தையல்நாயகியின் பார்வை மெல்ல வைக்கோல் பக்கம் போயிற்று. காகமும் அங்கே பார்த்தது. காகம் மட்டும் பார்வையைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் விடிந்ததும் கத்தியோடு கொல்லைக்குப் போனாள்.

"எங்க கூட்டிட்டுப் போறே, மதினி?" என்றது கொடி.

"உன் மக கண்ணு கேட்டாளே. வெச்சுக் கொண்டாந்து விடுறேன்."

"வலிக்குமா?"

"தூரிகைதானே. பூ உரசுற மாதிரி இருக்கும்."

"அப்படின்னா நல்லா கரேல்னு எழுது. பெருசா எழுது. அவளுக்கு எல்லாத்தையும் பாக்கணும்."

காம்பை அறுத்தாள். கொடி தன் சுருள் ஒன்றை நீட்டிக் காயின் முதுகைத் தடவிக்கொடுத்து வழியனுப்பியது.

வீட்டுக்குள் குஞ்சரத்தை உள்ளறையில் விட்டுத் தாழிட்டாள். வீரையன் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி செய்வது என்ன என்று அவனுக்குத் தெரியும். தெரியாதவன் மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"இப்ப என்ன எழுதறீங்க அத்தே?"

"உதடு."

"எப்படி இருக்கு?"

"மாதுளம்பூவாட்டம் இருக்கு," என்றாள், கடைவாய்ப் பல்லைத் தாடைவரை நீட்டியபடி.

"இது?"

"மூக்குத்தி," என்றாள். தொங்கும் நாக்குக்குச் செங்காவி பூசிக்கொண்டிருந்தாள்.

கை தெரிந்தவர்களுக்கு ஒரு கேடு உண்டு. கெட்ட காரியத்தையும் அவர்களால் அரைகுறையாகச் செய்ய முடியாது. புருவம் பாம்பு மாதிரி நெளிந்தது. கன்னம் உப்பிற்று. பல் ஒவ்வொன்றுக்கும் நிழல் கொடுத்தாள். அப்படியொரு கோரத்தை அந்த வட்டாரத்தில் யாரும் அதுவரை எழுதியதில்லை; ஒரு கணம் அவளுக்கே பெருமையாகக்கூட இருந்தது. கடைசியில் வெள்ளையில் இரண்டு பெரிய வட்டம் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நடுவில் கருவிழி வைத்தாள்.

வைத்த கையோடு, நினைக்காமலே, பக்கத்திலிருந்த தாம்பாளத்தை எடுத்துப் பூசணியின் முன்னால் பிடித்தாள். கை அத்தனை வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தது. மற்ற எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தவள், இதை யோசிக்கவில்லை.

பூசணி தண்ணீரை உற்றுப் பார்த்தது.

"அத்தே, தண்ணிக்குள்ள ஒரு பேய் இருக்கு."

தையல்நாயகிக்குத் தாம்பாளத்தைக் கீழே வைக்க வரவில்லை.

"நான் பேசுனா அதுவும் வாயை அசைக்குது அத்தே."

பூசணிக்குப் புரிந்துவிட்டது.

"மாதுளம்பூன்னு சொன்னீங்களே," என்றது. பிறகு, "நான் கண்ணை மூடணும். எப்படி மூடுறது?" என்றது.

மை ஈரமாக இருந்தது. தூரிகை கையில் இருந்தது. கண்ணுக்கு ஒன்றாக இமைக் கோடு இழுத்துவிட்டால் போதும், அது மூடிக்கொள்ளும். அவள் தூரிகையைத் தூக்கவும் தூக்கினாள்.

"புள்ள!" வீரையன் வாசலிலிருந்து கூப்பிட்டான். "தெருமுனைக்கு வந்துட்டுது."

உள்ளறைக் கதவைக் குஞ்சரம் தட்டினாள். "அம்மா, பூசணிக்குக் கண்ணு வெச்சாச்சா? நானும் பாக்கட்டுமா?"

"குஞ்சரம்!" என்றது பூசணி. "அத்தே, என்னை அந்தப் பக்கம் திருப்புங்க. அவளை ஒரு தடவை பாத்துக்கிறேன். அப்புறம் இமை எழுதுங்க. போதும்."

திருப்பினால் அப்புறம் தன்னால் கட்ட முடியாது என்று தையல்நாயகிக்குத் தெரிந்திருந்தது. தூரிகையைப் போட்டாள். உறியில் பூசணியை வைத்து, முகத்தைத் தெருப் பக்கம் திருப்பி, நிலைப்படிக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். கட்டி முடித்துவிட்டு உள்ளே போய்க் கதவின் பின்னால் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள்.

கண்ணேறு வந்தது. "அட..." என்று வழக்கம்போல ஆரம்பித்து, பாதியில் நின்றது. குனிந்து பார்த்தது. நிமிர்ந்து பார்த்தது.

"போயிடுங்க ஐயா," என்றது பூசணி. "நான் அழகில்ல."

"அப்படிச் சொல்லக் கூடாதும்மா," என்றது கண்ணேறு, மிகுந்த மரியாதையோடு. "நான் காணாத அழகா? இரு, தேடிப் பாக்குறேன். எதுலயாவது இருக்கும்."

பல்லில் தேடியது. நாக்கில் தேடியது. கண்ணுக்குள் தேடியது. பூசணி பார்வையைத் திருப்ப முடியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறி இறங்கியது. முதலில் பூசணி கெஞ்சியது, பிறகு அம்மாவைக் கூப்பிட்டது. கொடி கொல்லையில் இருந்தது. வாசல் சத்தம் அங்கே எட்டாது. மாலையாவதற்குள் குரல் தடித்து, குழறி, நின்றுபோயிற்று. கண் மட்டும் திறந்தே இருந்தது. கடைசியில் கண்ணேற்றுக்குத்தான் நீர் கட்டியது. இமைத்தது. வெட்கப்பட்டு, எதையும் வியக்காமல், எதிர்வரிசை வீடுகளைக்கூட ஏறெடுத்துப் பாராமல் ஊரைத் தாண்டிப் போயிற்று.

குஞ்சரத்துக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

பூசணியைத் தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்தது. தையல்நாயகி அதை வீட்டு வழியாகக் கொல்லைக்கு எடுத்துப்போக விடவில்லை. வீரையன் அதை முச்சந்திக்குக் கொண்டுபோய்ப் போட்டு உடைத்தான். பூசணிக்குச் சதை வெள்ளை என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று உள்ளே செக்கச்சிவந்து இருந்தது.

"எப்ப கொண்டாந்து விடுவே, மதினி?" என்று கொடி கேட்டுக்கொண்டே இருந்தது. தையல்நாயகி கொல்லைப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டாள். செய்தி சொல்வது காகத்தின் பொறுப்பு, அதுதான் சொன்னது. யோசனை யாருடையது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டது.

பிறகொரு நாள், வேறு வழியில்லாமல் தண்ணீர் ஊற்ற வந்த தையல்நாயகியிடம் கொடி ஒன்றே ஒன்று கேட்டது. "உன் புள்ள நல்லா இருக்காளா?"

"இருக்கா."

கொடி அதற்கப்புறம் பேசவில்லை. வேரை மட்டும் இருந்த இடத்தில் விட்டுவிட்டு, கொல்லைக் கோடியிலிருந்த சூளைச் சாம்பல் மேட்டுக்கு ஊர்ந்துபோய் அதில் புரண்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் தலையில் புழுதியை வாரிப் போட்டுக்கொள்வதைப் போலத்தான். அடுத்த ஆண்டு அது காய்த்த காய்களெல்லாம் உடம்பு முழுக்கச் சாம்பலோடு பிறந்தன. அவற்றுக்குப் பேச்சும் இல்லை. குஞ்சரம் அவற்றின் மேல் சாய்ந்து கதை சொல்லிப் பார்த்தாள். பதில் வராததால், கொஞ்ச நாளில் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டாள்.

ஐப்பசி மறுபடியும் வந்தது. தையல்நாயகி இன்னொரு காயை அறுத்தாள். சாம்பலைத் துடைத்துவிட்டு, பல்லையும் நாக்கையும் எழுதி, பெரிதாகக் கண் வைத்தாள். அது ஒன்றும் கேட்கவில்லை. அதனால் வேலை சீக்கிரம் முடிந்தது. அக்கம்பக்கத்தார் பார்த்து எழுதிக்கொண்டார்கள். கை தெரியாதவர்களும் எழுதினார்கள். கோரத்துக்குக் கைத்திறன் அவ்வளவாகத் தேவையில்லை என்று கண்டுகொண்டார்கள். தாம்பாளத்தில் தண்ணீர் பிடிக்கும் வழக்கம் மட்டும் பூசணிக்குக் கிடையாது என்று தையல்நாயகி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான்: புது வீட்டு வாசலிலும் கடை முகப்பிலும் கட்டும் பூசணிக்குப் பல்லும் நாக்கும் மீசையும் எவ்வளவு தாராளமாக எழுதினாலும் இமை மட்டும் எழுதுவதில்லை, எழுதி முடித்ததும், வீட்டார் யாரையும் அது பார்த்துவிடாதபடி, முகத்தைத் தெருவுக்குத் திருப்பியே கட்டுகிறார்கள்.