ஏழு இதழும் எட்டுத் தூணும்

கேளுங்கள். ஏரிகள் வற்றாமல் கிடந்த காலத்தில் செம்பரை என்றொரு நாடு இருந்தது. அதை வயமான் என்ற அரசன் ஆண்டு வந்தான். அவன் கொடியவன் அல்ல. கொடியவனாக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவன் அவசரக்காரன், அவ்வளவுதான்.

அவனுடைய தலைநகரில் ஒரு பள்ளி இருந்தது. மணல் பரப்பிய ஒரே கூடம். கணக்குப் படிக்க வந்தவர்களும், ஓவியம் படிக்க வந்தவர்களும், கட்டடம் கட்டப் படிக்க வந்தவர்களும் அந்த ஒரே மணலில்தான் உட்கார்ந்தார்கள். முதல் நாள் எல்லோர் கையிலும் ஒரு முளையும் ஒரு நூலும் கொடுப்பார்கள்.

முளையை நட்டு நூலைச் சுற்றினால் வட்டம் வரும். அதே நூலை வட்டத்தின் விளிம்பில் வைத்து வைத்துப் போனால், ஆறாவது தடவையில் தொடங்கிய புள்ளிக்கே வந்து சேரும். கணக்குக்காரன் அதில் ஆறு என்ற எண்ணைப் பார்த்தான். ஓவியக்காரி ஆறு இதழ்ப் பூவைப் பார்த்தாள். கட்டுகிறவன் ஆறு தூண் நிறுத்த இடம் பார்த்தான். மூவரும் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு ஒரே வட்டத்தைத்தான் பார்த்தார்கள்.

அந்தக் கூடத்தின் ஆசிரியை நல்லினி. அதிகம் பேசமாட்டாள். மணலில் வரைந்து காட்டிவிட்டு, புரிகிறவரை காத்திருப்பாள். அவளுக்கு ஒரே தம்பி, சேந்தன். அம்மாவும் அப்பாவும் காய்ச்சலில் போனபின் அவனை வளர்த்தவள் அவள்தான். அவனும் அந்த மணலில்தான் படித்துக்கொண்டிருந்தான். கட்டுவதில் அவனுக்குப் பித்து.

அந்தப் பள்ளியில் படித்து முடிக்க ஒன்பது ஆண்டு ஆகும். அதுதான் அரசனுக்குப் பொறுக்கவில்லை. அமைச்சன் தாமக்கோன் ஒரு வழி சொன்னான்.

"அரசே, கணக்கனுக்குப் பூ எதற்கு? ஓவியனுக்குக் கல் எதற்கு? கொத்தனுக்குக் கணக்கு எதற்கு? மூன்றாகப் பிரித்துவிடுங்கள். மூன்றே ஆண்டில் தேறி வருவார்கள்."

அரசனுக்கு அது பிடித்துப்போயிற்று. கூடத்தின் நடுவே சுவர்கள் எழும்பின. எண்மனை, ஓவியமனை, கட்டுமனை என்று மூன்று மனைகள் ஆயின. ஒரு மனையைச் சேர்ந்தவர் இன்னொரு மனையின் வேலையைப் பற்றிப் பேசினால் நாடு கடத்தப்படுவார் என்று சட்டமும் வந்தது. பேச்சு வளர்ந்தால் வேலை நின்றுவிடும் என்பது தாமக்கோன் சொன்ன காரணம்.

நல்லினியைக் கூப்பிட்டு, எந்த மனைக்குப் போகிறாய் என்று கேட்டார்கள்.

"நான் சொல்லிக்கொடுப்பது இந்த மூன்றில் எதிலும் தனியாக இல்லையே," என்றாள் அவள்.

அப்படியானால் உனக்கு இடமில்லை என்றார்கள். அன்றிலிருந்து அவள் ஊருக்கு வெளியே போய்க் கிணறு வெட்டுகிறவர்களுக்கு வட்டம் போட்டுக் கொடுத்தும், வயலுக்கு வரப்புக் கோடு பிடித்துக் கொடுத்தும் பிழைத்தாள்.

சேந்தன் கட்டுமனைக்குப் போனான். அவன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அவனுக்குக் கட்டாமல் இருக்கத் தெரியாது.

பன்னிரண்டு ஆண்டுகள் ஓடின. உண்மையைச் சொல்ல வேண்டும், நாடு செழிப்பாகத்தான் தெரிந்தது. எண்மனைக்காரர்கள் விரல் மடக்கும் நேரத்தில் பெருக்கிச் சொன்னார்கள். ஓவியமனைக்காரர்கள் வரைந்த மயிலைப் பார்த்துப் பாம்புகள் ஒதுங்கின என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். கட்டுமனைக்காரர்கள் வைத்த கல்லுக்கும் கல்லுக்கும் இடையே ஒரு முடி நுழையாது. சேந்தன் அந்த மனைக்கே தலைவன் ஆனான்.

அப்போது அரசன் தன் மகள் கல்யாணத்துக்கு ஒரு மண்டபம் கட்ட நினைத்தான். வட்ட மண்டபம், மேலே கல்லால் ஆன தாமரைக் கூரை. மூன்று மனைகளுக்கும் ஒரே நாளில் உத்தரவு போயிற்று. மூன்றும் ஒரே நாளில் வேலையைத் தொடங்கின.

கட்டுமனை, தன் வழக்கப்படி எட்டுத் தூண்களை வட்டமாக நிறுத்தியது. எண்மனை, கூரையின் எடையை எட்டால் வகுத்து ஒவ்வொரு தூணும் அந்தப் பாரத்தைத் தாங்கும் என்று எழுதிக் கொடுத்தது. ஓவியமனைத் தலைவருக்கு ஏழு இதழ் அழகாகத் தோன்றியது. ஏழு இதழ்த் தாமரையைப் பெரிய துணியில் வரைந்து சந்தைத் தெருவில் தொங்கவிட்டார். ஊரே வாய் பிளந்து பார்த்தது. ஒவ்வொரு இதழும் விளிம்பிலிருந்து உச்சிவரை போகும் ஒரு நீண்ட கல் என்று கீழே எழுதியிருந்தது.

நல்லினி ஒரு நாள் தம்பியின் தூண்களைப் பார்க்க வந்தாள். எட்டு என்று எண்ணினாள். திரும்பும் வழியில் துணியைப் பார்த்தாள். ஏழு என்று எண்ணினாள். வேகமாக வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டு முற்றத்தில் வட்டம் போட்டுப் பார்த்தாள். ஒரே ஓர் இதழ்தான் தூணின் தலையில் சரியாக உட்கார்ந்தது. மற்ற ஆறும் விலகி விலகிப் போயின. எதிர்ப்பக்கத்து இதழ்கள் இரண்டும் தூணுக்கும் தூணுக்கும் ஏறக்குறைய நடுவில், வெறும் உத்தரத்தின்மேல் வந்து நின்றன. அவற்றின் இடையே நின்ற தூணின் தலையில் ஒன்றுமே இல்லை.

அவள் எண்மனைக்கு ஓடினாள். தலைவர் கணக்கை மறுபடி போட்டுக் காட்டினார். "வகுத்தல் சரியாக இருக்கிறது, பாரும்மா. இதழ் எங்கே உட்காருகிறது என்பது எங்கள் பாடம் இல்லை."

ஓவியமனைக்குப் போனாள். தலைவர் சிரித்தார். "ஆறு இதழை எந்தக் குழந்தையும் வரையும். எட்டு இதழ், மடித்து வெட்டிய காகிதம்போல இருக்கும். ஏழில்தானம்மா உயிர் இருக்கிறது. கீழே எத்தனை தூண் என்று நான் எதற்குப் பார்க்க வேண்டும்?"

மூன்றாவதாகக் கட்டுமனைக்குப் போனாள். சேந்தன் கல் அடுக்கின் நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

"சேந்தா, உன் தூண் எத்தனை?"

"எட்டு, அக்கா."

"மேலே வரும் இதழ் எத்தனை?"

அவன் கலயத்தைக் கீழே வைத்தான்.

"துணியை விரித்த அன்றே எண்ணிவிட்டேன், அக்கா. நீ வருவாய் என்றும் தெரியும்."

"தெரிந்துமா வாயைத் திறக்காமல் இருக்கிறாய்?"

"எப்படித் திறப்பேன்? ஓவியமனையில் ஒருவன், கல் எவ்வளவு கனம் இருக்கும் என்று கேட்டான். கேட்டதற்கே அவனை எல்லைக்கு வெளியே விட்டுவிட்டு வந்தார்கள். அவன் பெண்டாட்டி நிறைமாதம். நான் போய்ச் சொன்னால் என் கீழே இருக்கும் அறுபது கொத்தர்களையும் சேர்த்து அனுப்புவார்கள்."

"கூரை விழுந்துவிடுமேடா."

"நின்றாலும் நின்றுவிடும் அக்கா. உத்தரத்தை வழக்கத்தைவிடத் தடியாகப் போட்டிருக்கிறேன்."

"அந்தத் தடிமன் போதுமா என்று கணக்குப் பார்த்தாயா?"

சேந்தன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கணக்கு என் மனையில் இல்லையே," என்றான்.

மறுநாள் நல்லினி அரசவைக்கே போனாள். வயமான் அவள் சொன்னதை முழுதும் கேட்டான். பிறகு மூன்று மனைத் தலைவர்களையும் வரவழைத்து, மூவரையும் ஒரே கேள்வி கேட்டான்.

"உங்கள் வேலையில் குறை உண்டா?"

"என் கணக்கில் குறை இல்லை, அரசே," என்றார் முதலாமவர்.

"என் ஓவியத்தில் குறை இல்லை, அரசே," என்றார் இரண்டாமவர்.

அடுத்தது சேந்தன். அக்காள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தரையைப் பார்த்தபடி, "என் தூண்களில் குறை இல்லை, அரசே," என்றான்.

"மூவர் சொல்வதும் பொய்யா, அம்மா?" என்று அரசன் கேட்டான்.

"பொய் இல்லை, அரசே. மூன்றும் உண்மை. ஆனால் நீங்கள் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை."

"எதைக் கேட்க வேண்டும்?"

"ஏழும் எட்டும் எங்கே சந்திக்கும் என்று."

அரசன் மூவரையும் பார்த்தான். "இது யாருடைய மனைக் கேள்வி?"

தாமக்கோன் முந்திக்கொண்டு சொன்னான், "எந்த மனைக்கும் சொந்தமில்லாத கேள்வியைக் கேட்டு அவையின் நேரத்தை வீணாக்குகிறாள், அரசே."

அரசன் அவளைத் தண்டிக்கவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பினான். அந்தக் கனிவுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

ஏழு கல் இதழ்களும் மேலே ஏறின. அவற்றைத் தாங்க மூன்று பெரிய மரமுட்டுகள் கொடுத்திருந்தார்கள். முட்டுகளை எடுக்கும் காலையில் ஊர் முழுவதும் கூடியது. நல்லினியும் வந்தாள்.

முட்டெடுக்க இருபது பேர் வேண்டும். சேந்தன் ஒருவரையும் உள்ளே விடவில்லை. "எல்லோரும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். ஆப்புகளை நானே தட்டிவிடுகிறேன்," என்றான். அவனுடைய ஆட்கள் தலைவரின் பெருமை என்று நினைத்துக் கைதட்டினார்கள். அவன் என்ன செய்கிறான் என்று தெரிந்தது ஒருத்திக்கு மட்டும்தான்.

"சேந்தா, வெளியே வாடா!" என்று அவள் கத்தினாள். மேளச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.

முதல் முட்டைத் தட்டினான். சாய்ந்தது. மேலிருந்து கொஞ்சம் தூசி விழுந்தது. கூட்டம் ஆரவாரித்தது.

இரண்டாவது முட்டைத் தட்டினான். கல்லுக்குள்ளிருந்து ஏதோ முனகியது. மேளம் நின்றது.

அவன் அண்ணாந்து பார்த்தான். ஓடி வந்திருக்கலாம். ஆனால் மீதமிருந்த ஒற்றை முட்டு சரிந்துகொண்டிருந்தது, அதைத் தோளால் தாங்கப் போனான். ஒரு கொத்தனின் உடம்பு பழக்கத்தில் செய்வதை அவன் உடம்பு செய்தது.

ஏழு இதழும் ஒன்றாக விழவில்லை. எதிர்ப்பக்கத்து உத்தரங்கள் முறிந்து இரண்டு இதழ்கள் முதலில் வந்தன. மற்றவை அவற்றின்மேல் வந்தன. தூசி அடங்கியபோது எட்டுத் தூண்களும் நின்றுகொண்டிருந்தன. ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

கல்லைப் புரட்டி அவனை எடுக்க மூன்று நாள் ஆயிற்று. நல்லினி மூன்று நாளும் அங்கேயே நின்றாள். சோறு கொண்டுவந்து கொடுத்தவர்களிடம், "அவன் சாப்பிட்டானா?" என்று கேட்டாளாம்.

அரசன் அழுதான், உண்மையாகவே அழுதான். பிறகு விசாரணை வைத்தான். எண்மனைத் தலைவர் கணக்கைப் போட்டுக் காட்டினார், சரியாக இருந்தது. ஓவியமனைத் தலைவர் உடைந்த இதழ்களைக் காட்டினார், உடைந்தும் அழகாக இருந்தன. தூண்கள் நின்றுகொண்டிருந்தன. குற்றவாளி அகப்படவில்லை.

அரசன் நல்லினியின் வீட்டுக்கே வந்தான். "உன் பள்ளியைத் திருப்பித் தருகிறேன், அம்மா," என்றான்.

அவள் போனாள். தம்பியைக் கொடுத்துவிட்டு, அப்போதும் போனாள். மூன்று மனை மாணவர்களையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரு வட்டம் போடச் சொன்னாள். எண்மனைப் பிள்ளைகள் சுற்றளவு சொல்லும் விதியை ஒப்பித்தார்கள். ஓவியமனைப் பிள்ளைகள் கையாலேயே அழகாக வளைத்தார்கள். கட்டுமனைப் பிள்ளைகள் எந்தக் கல்லை வைக்க என்று கேட்டார்கள். அடுத்தவன் போட்டதை ஒருவனும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் முயன்றாள். ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர், "அம்மா, இது எந்த மனைப் பாடம்?" என்று கேட்டார்கள். இந்தப் பாடம் படித்தால் எந்த மனையில் வேலை கிடைக்கும் என்று பெற்றோர்கள் கேட்டார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். மாதக் கடைசியில் கூடத்தில் அவள் மட்டும் இருந்தாள்.

அப்போது தாமக்கோன் இன்னொரு வழி சொன்னான். மூன்று மனைகளையும் மேற்பார்க்க நான்காவதாக ஒரு மனை வேண்டும் என்றான். அவசரக்கார அரசன் உடனே ஒப்புக்கொண்டான். மேல்மனை என்று பெயர் வைத்து, மற்ற மூன்றையும்விட உயரமான சுவர் எழுப்பினார்கள். அதற்குத் தலைவியாக வரச்சொல்லி நல்லினிக்கு ஆள் அனுப்பினார்கள். வீடு திறந்து கிடந்தது. அவள் எந்தத் திசையில் போனாள் என்று அக்கம்பக்கத்தாருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு இன்னொரு மண்டபம் எழும்பியது. நான்கு மனைகளும் குறையில்லை என்று முத்திரை வைத்தன. முட்டெடுக்கும் காலையில் உள்ளே போவது யார் என்று கொத்தர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பெயர் வந்தவன் தன் தோளிலிருந்த குழந்தையை இறக்கி மனைவியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: எண்ணையும் அழகையும் கட்டுமானத்தையும் சுவர் வைத்துப் பிரித்துக் கற்பிக்கும் நாட்டில் ஒவ்வொருவர் வேலையும் சரியாக இருக்கும், ஆனால் கூரை மட்டும் நிற்காது.